உங்க குழந்தைக்கு 3டி தெரியுதா?

1/ 3டி படத்துக்குப் போனா எல்லோரும் "ஐயோ, மேல வந்து விழுது"ன்னு கத்துவாங்க. ஒருத்தர் மட்டும் கண்ணாடியைக் கழட்டிட்டு "இதுல என்னப்பா இருக்கு, தலைதான் வலிக்குது"ன்னு சொல்வார். அப்படி ஒருத்தர் உங்க வீட்டுல இருக்காரா? அவருக்கு ரசனை இல்லைன்னு நினைச்சிடாதீங்க. இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்க அவர் மூளை பழகாமலே வளர்ந்திருக்கலாம். அதைப் பத்தி ஒரு நீளமான த்ரெட். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்காரங்க கடைசி வரைக்கும் படிங்க.

2/ முதல்ல ஒரு சின்ன சோதனை. கையை நேரா நீட்டி கட்டைவிரலைத் தூக்குங்க. ஒரு கண்ணை மூடிப் பாருங்க. அப்புறம் கண்ணை மாத்தி மூடிப் பாருங்க. பின்னாடி இருக்கிற சுவரில் விரல் இங்கேயும் அங்கேயும் தாவும். இரண்டு கண்ணுக்கும் நடுவுல சுமார் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதால ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைக்கிற படம் கொஞ்சம் வேற. இப்ப இரண்டு கண்ணையும் திறங்க. தாவல் எங்கே போச்சு? அந்த வித்தியாசத்தைத்தான் மூளை 'தூரம்'னு மாத்திக்கிச்சு.

3/ 1838-ல் இங்கிலாந்துக்காரர் சார்லஸ் வீட்ஸ்டோன் இதை நிரூபிச்சுக் காட்டினார். ஒரே பொருளை இடது கண் பார்க்கிற மாதிரி ஒண்ணு, வலது கண் பார்க்கிற மாதிரி ஒண்ணுன்னு இரண்டு கோட்டுப்படம் வரைஞ்சார். கண்ணாடிகள் வச்ச ஒரு கருவியால ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் படம் மட்டும் போகும்படி செஞ்சார். காகிதத்தில் கிடந்த கோடு எழுந்து நின்னுச்சு. கருவிக்குப் பேர் ஸ்டீரியோஸ்கோப். போட்டோ எடுக்கும் முறையே உலகத்துக்கு அடுத்த வருஷம்தான் அறிவிக்கப்பட்டது!

4/ நம்ம ஊர் விஜயகாந்த் நடிச்ச 'அன்னை பூமி' 1985-ல் தமிழின் முதல் 3டி படமா வந்தது. 2018-ல் ரஜினியின் '2.0' வந்தது. இரண்டுக்கும் அடிப்படை அதே வீட்ஸ்டோன் வித்தைதான். திரையில் இரண்டு படம் ஓடும். நீங்க போடுற கண்ணாடி ஒரு படத்தை இடது கண்ணுக்கும் இன்னொண்ணை வலது கண்ணுக்கும் பிரிச்சு அனுப்பும். தியேட்டர்காரரோட வேலை அத்தோட முடிஞ்சுது. சேர்க்கிற வேலை உங்க பின்மண்டையில் நடக்குது.

5/ அப்போ சாதாரண தட்டைப் படத்தில் ஆழமே தெரியாதா? தெரியும். திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசையை போட்டோவில் பாருங்க. கிட்ட இருக்கிற தூண் பெருசா, தள்ளி இருக்கிறது சிறுசா தெரியும். முன்னால நிக்கிறது பின்னால இருக்கிறதை மறைக்கும். நிழல் விழும். இதெல்லாம் ஒரே கண்ணுக்கும் கிடைக்கிற துப்புகள். ஓவியர்களும் ஒளிப்பதிவாளர்களும் பிழைக்கிறதே இதை வச்சுத்தான்.

6/ இதையும் ஒரு தடவை செஞ்சு பாருங்க. போனில் அந்தத் தூண் படத்தை வச்சு, ஒரு கண்ணை மூடிட்டு, சுருட்டின பேப்பர் குழாய் வழியா பாருங்க. பலருக்குப் படம் சட்டுனு உள்ளே நீளும். ஏன்? இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது மூளைக்கு இரண்டு சேதி வருது. தூணும் நிழலும் "உள்ளே ஆழம் இருக்கு"ங்குது. இரண்டு கண்ணோட கணக்கு "இது வெறும் தட்டைத் திரை"ங்குது. ஒரு கண்ணை மூடினதும் இரண்டாவது சாட்சி வாயை மூடிக்குது.

7/ தட்டைப் படத் துப்புகளுக்கு வருஷக்கணக்கான பழக்கம்கூட தேவைப்படாம இருக்கலாம். பவன் சின்ஹா நடத்தும் 'ப்ராஜெக்ட் பிரகாஷ்' குழு, பிறவியிலேயே பார்வை இல்லாம இருந்து 8 முதல் 16 வயசுக்குள்ள அறுவை சிகிச்சை ஆன இந்தியக் குழந்தைகளைச் சோதிச்சுது. தண்டவாளம் மாதிரி ஒண்ணாச் சேரும் கோடுகளுக்கு நடுவே சம நீளத்தில் இரண்டு பட்டை. நமக்கு ஒண்ணு பெருசாத் தெரியும். கண் திறந்து இரண்டு நாளில் அந்தக் குழந்தைகளும் அதே மாதிரி ஏமாந்தாங்க. 2015-ல் வந்த ஆய்வு இது. இரண்டு கண்ணைச் சேர்த்துப் பார்க்கிற ஆழப்பார்வை இவ்வளவு சுலபமா வராது. அதுக்குக் காலம் குறிச்சிருக்கு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

8/ ஆழப்பார்வை தூரத்துக்கு உதவாது. மாட்டுத்தாவணி பக்கமிருந்து யானைமலையைப் பாருங்க. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மலையில் இரண்டு கண்ணும் பார்க்கிற படத்துக்கு வித்தியாசம் இல்லைன்னே சொல்லலாம். படுத்த யானை, வானத்தில் வெட்டி ஒட்டின அட்டை மாதிரிதான் நிக்கும். அங்கே மலை எவ்வளவு தூரம்னு மூளை மத்த துப்புகளை வச்சு ஊகிக்குது.

9/ கிட்டத்தில்தான் இதோட விளையாட்டு. நல்ல ஆழப்பார்வை உள்ளவருக்கு, புத்தகம் பிடிக்கிற 40 சென்டிமீட்டர் தூரத்தில், அரை மில்லிமீட்டர் முன்பின் இருந்தாலே தெரியும். ஊசியில் நூல் கோர்க்கிறது, டம்ளரில் காபி ஊத்துறது, நகை ஆசாரி பொடி வைக்கிறது எல்லாமே அந்தத் தூரத்து வேலை. புரை அறுவை செய்யும் டாக்டரின் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் குழல் இருக்கிறதும் இதுக்காகத்தான். லென்ஸைச் சுத்தி இருக்கிற பை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. எவ்வளவு ஆழத்தில் கருவி இருக்குன்னு தெரியாம அங்கே கை வைக்க முடியாது.

10/ இப்ப முக்கியமான கேள்வி. ஒருத்தர் மூளை இரண்டு படத்தையும் சேர்க்குதா இல்லையான்னு வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரியவங்ககிட்ட கேட்கலாம். நாலு மாசக் குழந்தைகிட்ட என்ன கேட்பீங்க?

11/ கிளினிக்கில் ஒரு பிரபலமான படம் உண்டு: பெரிய ஈ. போலராய்டு கண்ணாடி போட்டுவிட்டு "இறக்கையைப் பிடிடா தங்கம்"னு சொல்வோம். ஆழப்பார்வை இருக்கிற குழந்தை, காகிதத்துக்கு ரெண்டு மூணு விரக்கடை மேல, காத்தில் கிள்ளும். சில குழந்தைங்க பயந்து கையை இழுத்துக்கும். ஆழப்பார்வை இல்லாத குழந்தை விரலை நேரா காகிதத்தில் வைக்கும். ஆனா கெட்டிக்காரக் குழந்தைகள் படம் கலங்கித் தெரியறதை வச்சே ஊகிச்சு ஏமாத்திடும்.

12/ ஏமாத்தவே முடியாத படத்தைக் கொடுத்தவர் ஹங்கேரியில் பிறந்த பேலா யூலஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தவர். 1960-ல் கம்ப்யூட்டரை வச்சு கண்டபடி சிதறின புள்ளிகளால இரண்டு படம் தயாரிச்சார். நடுவில் ஒரு சதுரப் பகுதியை மட்டும் ஒரு படத்தில் கொஞ்சம் நகர்த்தி வச்சார். எந்தக் கண்ணால் தனியாப் பார்த்தாலும் வெறும் புள்ளிக் குப்பை. இரண்டையும் சேர்த்தா சதுரம் மிதக்கும். கோடு கிடையாது, நிழல் கிடையாது. அந்தச் சதுரம் எந்தக் கண்ணிலும் இல்லை. மூளையில் மட்டும் இருக்கு.

13/ அடுத்தது அளவுகோல். பின்மண்டை மேட்டுக்குப் பக்கத்தில் பசை தடவி சின்ன உலோக வில்லைகளை ஒட்டுவாங்க. ஊசி இல்லை, வலி இல்லை. பார்வைக்கான மூளைப் பகுதி அதுக்கு நேர் உள்ளே இருக்கு. கண் எதையாவது பார்த்தா அங்கே சில மைக்ரோவோல்ட் அளவுக்கு மின்னலை எழும். ஒரு மைக்ரோவோல்ட்னா ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தச் சோதனையைச் சுருக்கமா வி.இ.பி.ன்னு சொல்வோம்.

14/ அவ்வளவு சின்ன அலையை மூளையின் மத்த இரைச்சலிலிருந்து எப்படிப் பிரிக்கிறது? சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் நில்லுங்க. ஆயிரம் சத்தம். ஆனா ஒரே சீரா அடிக்கிற மேளத்தை மட்டும் உங்க காது தனியாப் பிடிச்சிடும். ஏன்னா அது திரும்பத் திரும்ப அதே கணக்கில் வருது. கருவியும் அதையே செய்யுது. படத்தை ஒரே தாளத்தில் பல தடவை காட்டி, வர்ற அலைகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும். தாளத்தோட சேராத இரைச்சல் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். தாளம் மட்டும் மிஞ்சும்.

15/ இப்ப இரண்டையும் இணைங்க. சிக்னல் போன பழைய டிவியில் வருமே புள்ளி மழை, அது மாதிரி திரை. அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு கட்டம் ஒரே தாளத்தில் முன்னால மிதக்கும், தட்டையாகும், மிதக்கும், தட்டையாகும். ஒரு கண்ணுக்கு மட்டும் காட்டினா புள்ளி மழையைத் தவிர ஒண்ணும் மாறாது. பின்மண்டை அலையும் அதே தாளத்தில் துடிச்சா ஒரே அர்த்தம்தான்: தட்டைக்கும் ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த மூளைக்குத் தெரியுது. வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

16/ இப்படித்தான் கைக்குழந்தைகளைச் சோதிச்சாங்க. யூலஸும் கூட இருந்து செஞ்ச ஆய்வு 1981-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதே காலத்தில் வேற குழுக்கள், குழந்தையின் பார்வை எந்தப் பக்கம் போகுதுன்னு கவனிச்சும் சோதிச்சாங்க. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்னுது. பிறந்த உடனே ஆழப்பார்வை இல்லை. மூணு நாலு மாசம் வாக்கில், குப்புற விழப் பழகும் நேரத்தில், அது திறக்குது. அடுத்த சில மாசத்தில் வேகமா கூர்மையாகுது.

17/ பெரியவங்களை எம்ஆர்ஐ கருவிக்குள்ள படுக்க வச்சு தட்டைப் படம், ஆழப் படம்னு மாத்தி மாத்திக் காட்டியும் பார்த்திருக்காங்க. ஆழம் வரும்போது பார்வைப் பகுதிகள் பலதும் கூடுதலா வேலை செய்யுது. குறிப்பா வி3ஏ-ன்னு பேர் வச்சிருக்கிற ஒரு இடம். ஆக, 3டி-ங்கிறது கண்ணின் வித்தை இல்லை. அதுக்குன்னு மூளைக்குள்ள ஆள் வச்சிருக்கு.

18/ அந்த ஆட்கள் யாரு? 1967-ல் பார்லோ, பிளேக்மோர், பெட்டிக்ரூ மூணு பேரும் பூனையின் மூளையில் அந்தச் செல்களைப் பிடிச்சாங்க. இரண்டு கண்ணிலிருந்தும் சேதி வாங்கி, படங்களுக்கு நடுவே குறிப்பிட்ட அளவு வித்தியாசம் இருந்தா மட்டும் 'இந்தா, இவ்வளவு தூரம்'னு துடிக்கிற செல்கள்.

19/ அதுக்கு இரண்டு வருஷம் முன்னாடியே, 1965-ல், ஹ்யூபெல், வீசல் இரண்டு பேரும் வயிற்றைக் கலக்கும் ஒரு விஷயத்தைப் பார்த்திருந்தாங்க. சாதாரண பூனையின் பார்வைப் பகுதியில் ஐந்தில் நாலு செல் இரண்டு கண்ணுக்கும் பதில் சொல்லும். குட்டியிலேயே கண் தசையை வெட்டி மாறுகண் ஆக்கினா அது ஐந்தில் ஒண்ணாச் சுருங்கிடுச்சு. இரண்டு கண்ணும் தனித்தனியா நல்லா இருக்கு. சேர்த்துப் பார்க்கிற ஆட்கள்தான் வேலையை விட்டுப் போயிட்டாங்க. இவங்களுக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைச்சுது.

20/ மனுஷக் குழந்தைக்கும் இதேதான். ஒரு கண் மூக்குப் பக்கமோ வெளிப் பக்கமோ திரும்பி நின்னா, மூளைக்கு ஒட்டவே ஒட்டாத இரண்டு படம் வரும். பெரியவங்களுக்குத் திடீர்னு மாறுகண் வந்தா எல்லாம் இரண்டிரண்டாத் தெரியும், தலை சுத்தும். குழந்தை மூளை புத்திசாலி. தொந்தரவு தர்ற கண்ணின் படத்தை அணைச்சிடும். அணைஞ்ச கண் நாளடைவில் சோம்பேறிக் கண் ஆகும். நூத்துக்கு இரண்டு மூணு குழந்தைகளுக்குச் சோம்பேறிக் கண் உண்டு. கண் நேரா இருந்தும், ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமா இருக்கிறதாலயும் இது வரும். அதைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாது.

21/ இதில் கொடுமை, குழந்தை ஒரு வார்த்தை சொல்லாது. வலி இல்லை. எரிச்சல் இல்லை. இரட்டைப் படமும் இல்லை. ஒரு கண்ணால ஓடியாடி விளையாடும். தனக்கு 3டி தெரியலைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தாத்தானே இல்லாததைச் சொல்லும்!

22/ சொல்ல வேண்டிய நாம என்ன சொல்றோம்? "மாறுகண் அதிர்ஷ்டம்." மதுரையிலும் சரி, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமும் சரி, இன்னும் கேட்கிற வார்த்தை இது. "இவ பிறந்த நேரம்தான் வீடு கட்டினோம், கண்ணைத் தொடாதீங்க"ன்னு அப்பத்தா சொல்வாங்க. அப்பத்தா மேல எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை மேல உள்ள பாசத்தில் சொல்றாங்க. ஆனா வீட்டுக்கு வந்த அதிர்ஷ்டத்துக்கு அந்தப் பிள்ளை கொடுக்கிற விலை, ஒரு கண்.

23/ இரண்டாவது வார்த்தை: "வளர வளர சரியாப் போயிடும்." நாலு மாசம் வரைக்கும் கண் அப்பப்ப விலகி வர்றது சகஜம். மூக்குத் தண்டு அகலமா இருக்கிற குழந்தைக்கு மாறுகண் மாதிரி தோணும், உண்மையில் இருக்காது. இந்த இரண்டையும் தவிர, உண்மையான மாறுகண் தானா சரியாகும்னு காத்திருக்கக் கூடாது. எது உண்மை, எது தோற்றம்னு வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ண முடியாது. டாக்டர் டார்ச் அடிச்சு நிமிஷத்தில் சொல்லிடுவார்.

24/ காத்திருந்தவங்க எப்ப வர்றாங்க? இருபது, இருபத்திரண்டு வயசில். "டாக்டர், மாப்பிள்ளை வீட்டுல பார்க்க வர்றாங்க, அதுக்குள்ள நேராக்கிடணும்." நேராக்கலாம். அந்தப் பொண்ணு தலை நிமிர்ந்து ஃபோட்டோ எடுத்துக்குவா, அது சின்ன விஷயம் இல்லை. ஆனா கைக்குழந்தையில வந்த மாறுகண்ணுன்னா, அந்த வயசுக்கு மேல நேராக்கினாலும் ஆழப்பார்வை பெரும்பாலும் திரும்பாது. ஆட்கள் எப்பவோ வேலையை விட்டுப் போயாச்சு.

25/ ஆழப்பார்வை இல்லாதவங்க வாழ்க்கை அவ்வளவுதானா? இல்லவே இல்லை. பட்டோடி 1961-ல் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார். ஜக்கிலிருந்து தண்ணி ஊத்தினா டம்ளருக்கு வெளியே போகும் நிலை. சில மாசத்தில், 1962 ஜனவரியில், சென்னை டெஸ்டில் 103 ரன் அடிச்சார். அதே வருஷம் 21 வயசில் இந்திய கேப்டன். மத்த துப்புகளை வச்சு மூளை சமாளிச்சுக்கும். ஏற்கனவே இழந்தவங்க மனசு உடைய வேண்டாம். தடுக்கக் கூடியதை ஏன் இழக்கணும்னுதான் கேட்கிறேன்.

26/ "பெரியவங்களுக்கு வரவே வராதா?" அபூர்வமா வந்திருக்கு. சூசன் பேரி ஒரு நரம்பியல் பேராசிரியர். கைக்குழந்தையிலிருந்தே மாறுகண், சின்ன வயசில் மூணு அறுவை சிகிச்சை, ஆனா 3டி கிடையாது. 48 வயசில் பார்வைப் பயிற்சிக்குப் பிறகு, காரில் உட்கார்ந்தபோது ஸ்டீயரிங் முன்னால எழுந்து நிற்கிறதைப் பார்த்தார். ஆலிவர் சாக்ஸ் 2006-ல் இவரைப் பத்தி எழுதினார். ஆனா இதைக் காட்டி "எல்லோருக்கும் வரும், பேக்கேஜ் எடுங்க"ன்னு யாராவது சொன்னா பணத்தைக் கொடுத்துடாதீங்க.

27/ குழந்தைக்கு என்ன சிகிச்சை? பல மாறுகண்ணுக்கு வெறும் பவர் கண்ணாடியே போதும், போட்டதும் கண் நேராகும். சோம்பேறிக் கண்ணுக்கு நல்ல கண்ணை ஒட்டி மூடி, தூங்குற கண்ணை வேலை வாங்கணும். மிதமான குறைபாடுன்னா தினம் 2 மணி நேரம் ஒட்டுறதே 6 மணி நேரத்துக்குச் சமமான பலன் தந்ததா 2003-ல் ஆய்வு வந்தது. சிலருக்கு அறுவை சிகிச்சை. ஏழு வயசுக்குள்ள தொடங்கினா பார்வைக்கு நல்ல பலன். அதுக்கு மேலயும் சிலருக்கு உண்டு, அதனால "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. ஆழப்பார்வைக்கு மட்டும் முதல் இரண்டு வருஷம் தங்கம்.

28/ 3டி-யே மருந்தாவும் வந்தாச்சு. தலையில் மாட்டுற திரையில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம். நல்ல கண்ணுக்குப் போறதை மங்கலாக்கி, இரண்டையும் சேர்த்தாத்தான் கார்ட்டூன் முழுசாப் புரியும்னு வைப்பாங்க. 4 முதல் 7 வயசுக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு கருவிக்கு 2021-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனா கண்ணாடிக்கும் ஒட்டுக்கும் பதிலா எதையும் நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க.

29/ வீட்டில் இன்னிக்குச் செய்ய வேண்டியது. குழந்தை விளையாடும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைங்க, அப்புறம் மறு கண்ணை. ஒரு கண்ணை மறைச்சா மட்டும் அழுது கையைத் தட்டிவிடுதா? அப்ப மறைச்சதுதான் பார்க்கிற கண். தலையைச் சாய்ச்சே பார்க்குதா, வெயிலில் ஒரு கண்ணைச் சுருக்குதா, கவனிங்க. பழைய ஃப்ளாஷ் போட்டோக்களை எடுத்துப் பாருங்க. கருவிழிக்குள் வெள்ளையா மின்னினா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. அது கண்ணுக்குள்ள புற்றுநோயாவோ புரையாவோ இருக்கலாம். மாறுகண்ணும் சில சமயம் அதோட முதல் அடையாளம்.

30/ எங்கே காட்டுறது? மதுரைக்காரங்களுக்குச் சாக்கு சொல்ல இடமே இல்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோட தொடங்கின அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணாநகரில் இருக்கு; குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. அரசு ராஜாஜி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கு. 2013-லிருந்து நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வர்ற மருத்துவக் குழு பார்வைக் குறைபாட்டையும் பார்க்குது. அவங்க எழுதிக் கொடுக்கிற சீட்டை அலமாரியில் வச்சிடாதீங்க.

31/ "3டி படம் பார்த்தா குழந்தைக்குக் கண் கெடுமா?" கெடும்னு ஆதாரம் இல்லை. கண் திரையில் ஃபோகஸ் பண்ணணும், ஆனா உருவம் முன்னால மிதக்கிறதால உள்பக்கம் திரும்பணும். இந்த இழுபறியில் சிலருக்குத் தலைவலி வரும், அவ்வளவுதான். ஆனா எல்லாக் குழந்தையும் கையை நீட்டிப் பிடிக்கப் பார்க்கும்போது உங்க குழந்தை சும்மா உட்கார்ந்திருந்தா, அந்த டிக்கெட் காசு வீண் இல்லை. அடுத்த வாரமே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

32/ மாறுகண் குழந்தை இருக்கிற வீடு ஒண்ணாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவங்களுக்கு இதை அனுப்புங்க. அப்பத்தாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கிறப்ப பதில் போடுறேன். குழந்தை போட்டோவைப் போட்டு "மாறுகண்ணா டாக்டர்?"னு மட்டும் கேட்காதீங்க. போட்டோவில் எனக்குத் தட்டைப் படம்தான் தெரியும். நேரில் காட்டுங்க.